ஊசிப்பெட்டி, விளக்கு, ஓர் அறை: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமான் என்கிற எங்கள் குடியிருப்பின் திடலில் பந்து பொறுக்கப் போன பையன் ஒருவனின் செருப்பில், போதைக்குப் போட்டு எறிந்த ஊசி ஏறியதிலிருந்து, மலேசியாவின் பேரா மாநிலத்தில் எங்கள் பக்கம் இதே பேச்சுதான். நல்ல வேளை, காலில் படவில்லை. நாங்கள் சிலர் சேர்ந்து நகராண்மைக் கழகத்துக்கு மனு ஒன்று எழுதினோம். பொதுக் கழிப்பறைகளில் ஊசி போடக் கெட்டிப் பெட்டி வேண்டும். பழைய லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகும் சந்தில் விளக்கு வேண்டும். போதை எடுக்கிறவர்கள் வந்து பேச, பல்நோக்கு மண்டபத்தில் வாரம் இரண்டு காலை திறந்திருக்க ஓர் அறை வேண்டும். கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குத் தடித்த கையுறையும் அரைநாள் பயிற்சியும் வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருக்கிறோம்.

கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனோம். கையெழுத்தைவிடக் கேள்விதான் அதிகம் கிடைத்தது. முப்பது வருடம் தோட்டத்து டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வாசலில் நின்று சொன்னதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

தீங்கு குறைப்பு என்றால் என்ன? போதையை விடச் சொல்வதுதானே முறை?

விடச் சொல்வதை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் இன்றைக்கு விடமுடியாதவன் நாளைக்கு உயிரோடு இருந்தால்தானே நாளைக்காவது விடுவான்? அதுவரை அவனுக்கு நோய் ஒட்டாமல், அவனிடமிருந்து வீட்டுக்காரிக்கு ஒட்டாமல், அவன் போட்ட ஊசி அடுத்தவர் காலில் ஏறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் தீங்கு குறைப்பு என்று பேர்.

நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. நியாயமான கோரிக்கை. ஆனால் கடை மூடிய இடத்தில் லயத்துக்குப் பின்னால் சம்சு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சியதையும் நம் தாத்தா பாட்டிகள் பார்த்தார்கள். கள் குடித்தவன் மறுநாள் தலைவலியோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்தான். கெட்ட சம்சு குடித்தவன் கண் தெரியாமல் போனான், அல்லது வரவே இல்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குடிக்காதே என்று அவர்களுக்கு யாருமே சொன்னதில்லை என்றா நினைக்கிறீர்கள்?

ஊசியைச் சும்மா கொடுத்தால் இன்னும் நாலு பேர் கெட்டுப்போக மாட்டார்களா?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. ரொம்ப நாள் இருந்தது. என் மனத்தை மாற்றியது நம் நாட்டின் கணக்குதான்.

1983-இல் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கு மிரட்டல் என்று அரசு அறிவித்தது. அதே வருடம் வந்த சட்டப்படி, பிடிபட்டவரை இரண்டு வருடம் மறுவாழ்வு மையத்தில் வைக்கலாம். நாம் செரெந்தி, செரெந்தி என்றோமே, அதுதான். அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனாலும் 2002-இல், அந்த ஒரே வருடத்தில், புதிதாக 6,978 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பதிவானது. நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டது.

அதற்குப் பிறகுதான் அரசு வழியை மாற்றியது. 2005 அக்டோபரில், ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெதடோன் மருந்து முன்னோட்டமாக வந்தது. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாருவில் ஊசி பரிமாற்றம் தொடங்கியது: பழைய ஊசியைக் கொண்டுவந்தால் புதியது கிடைக்கும். பதினைந்து வருடம் கழித்து, புதிய எச்.ஐ.வி. நோயாளிகளில் ஊசியால் தொற்று வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இப்போது அந்த நோய் பெரும்பாலும் பாலுறவு வழியாகத்தான் பரவுகிறது. இலவச ஊசியைப் பார்த்து ஆசைப்பட்டு யாரும் ஹெரோயின் தொடங்கியதாகத் தெரியவில்லை. ஊசி வாங்க வந்த இடத்தில்தான் பலர் முதன்முதலாக ஒரு தாதியிடம் உட்கார்ந்து பேசினார்கள்.

இதில் நகராண்மைக் கழகத்துக்கு என்ன வேலை? சுகாதார அமைச்சு இருக்கிறதே?

மருந்து சுகாதார அமைச்சின் பொறுப்பு. பிடிப்பது காவல் துறையின் வேலை. மறுவாழ்வும் கண்காணிப்பும் ஏ.ஏ.டி.கே. என்ற தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம். ஆனால் இருட்டுச் சந்து யாருடையது? பொதுக் கழிப்பறை யாருடையது? பாசாருக்கு (சந்தைக்கு) பின்னாலுள்ள வடிகால், குப்பைத் தொட்டி, பல்நோக்கு மண்டபத்தின் சாவி? எல்லாம் 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின்கீழ் நடக்கும் கழகத்தின் கையில் இருப்பவை. ஊசி போடுகிறவன் வெளிச்சம் இல்லாத, ஆள் வராத இடமாகத்தான் தேடுவான். அங்கே மூச்சு நின்றால் பார்க்க ஆள் இருக்காது. அந்த இடத்தை இருட்டாக வைப்பதா, விளக்குப் போடுவதா என்று அமைச்சர் வந்து முடிவு செய்யமாட்டார்.

கூட்டுகிற அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். ஹேவுட், டவன்பி, எல்பில் என்று தோட்டங்களில் வேலை செய்துவிட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் எத்தனை பெண்கள் குத்தகைக்காரரிடம் துப்புரவு வேலை செய்கிறார்கள்? குப்பைப் பையை இறுக்கிக் கட்டும்போது உள்ளே இருக்கும் ஊசி அவர்கள் கையில்தான் குத்தும். எங்கள் மனுவில் எனக்கு முதல் வரி அந்தக் கையுறைதான். மற்றவர்கள் அதைக் கடைசியில் எழுதிவிட்டார்கள்.

கழக உறுப்பினர்கள் ஓட்டுக்குப் பயந்து இதைத் தொடமாட்டார்கள் என்றார் ஒரு பெரியவர். இந்நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆகவே அந்தச் சாக்கை மட்டும் அவர்கள் சொல்லமுடியாது.

வேறு எந்த ஊரிலாவது நகரமன்றம் இதில் இறங்கியிருக்கிறதா?

இறங்கியிருக்கிறது; பட்டும் கற்றிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிளாட்ஸ்பிட்ஸ் என்ற பூங்காவில் எண்பதுகளின் கடைசியில் பட்டப்பகலில் ஊசி போடுவார்கள். 1992 பிப்ரவரியில் பூங்காவைப் பூட்டினார்கள். கூட்டம் கலைந்ததா? பக்கத்திலேயே ஓடாத ரயில் நிலையம் ஒன்றுக்கு நடந்து போய் உட்கார்ந்துகொண்டது. 1995-இல் அதையும் மூடினார்கள். இந்த முறை சிகிச்சையும் தங்க இடமும் முன்பே தயாராக இருந்தன. கூட்டம் திரும்பச் சேரவில்லை. நம் ஊரிலும் இருட்டுச் சந்து வழியை அடைத்தால் செம்பனைத் தோட்டத்துக்குள் போவார்கள், செம்பனைக்குள் போலீஸ் வந்தால் ஆற்றங்கரைக்குப் போவார்கள். இந்தச் சுற்று நமக்குத் தெரிந்ததுதானே.

கனடாவின் வான்கூவரில் பிலிப் ஓவன் என்ற மேயர் தடுப்பு, சிகிச்சை, சட்டம், தீங்கு குறைப்பு நான்கையும் சேர்த்து 2001-இல் நகரக் கொள்கையாக்கினார். அதனாலேயே சொந்தக் கட்சியின் ஆதரவை இழந்தார். 2003-இல் அங்கே தாதியர் மேற்பார்வையில் ஊசி போடும் இடம் திறந்தது. முதல் இரண்டு வருடத்தில் அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மீறிச் சாகிறவர்களின் விகிதம் 35 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு நம் நாட்டுச் சட்டத்தில் வழியில்லை. நாங்களும் அதைக் கேட்கவில்லை. மனுவை முழுதாகப் படிக்காமல் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு அது.

மெதடோன் என்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?

ஹெரோயினும் மெதடோனும் ஒரே குடும்பத்து மருந்து என்பது உண்மை. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. ஹெரோயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அப்புறம் கியான் பிடிக்கும்: மூக்கு ஒழுகும், எலும்பு வலிக்கும், வயிறு புரட்டும். அடுத்த பொட்டலத்துக்குக் காசு தேடி ஓடவேண்டும். வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு போவது அந்த ஓட்டத்தில்தான். மெதடோன் வாய்வழி குடிக்கும் மருந்து. ஒருமுறை குடித்தால் ஒரு நாள் தாங்கும். சரியான அளவு கிடைத்துவிட்டால் கிறக்கமும் இல்லை, கியானும் இல்லை, வேலைக்குப் போகலாம். நீரிழிவுக்காரர் தினம் மாத்திரை போட்டால் அவரை மாத்திரைக்கு அடிமை என்று நாம் சொல்வதில்லை.

நாட்டில் பல அரசு மருத்துவமனைகளும் சுகாதார கிளினிக்குகளும் இதைக் கொடுக்கின்றன. சில எச்சரிக்கைகள் உண்டு. முதல் இரண்டு வாரம்தான் ஆபத்தான காலம். மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார். பொறுமையில்லாமல் மேலே ஹெரோயினோ சம்சுவோ தூக்க மாத்திரையோ சேர்த்தால் மூச்சு நின்றுபோகும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்தைப் பூட்டி வைக்கவேண்டும். பெரியவருக்கு அளவான மருந்து குழந்தையைக் கொன்றுவிடும். அதை ஐஸ்பெட்டியில் சிரப்புப் போத்தல்களோடு வைக்கவே கூடாது.

நம் பக்கத்துச் சங்கடம் வேறு. செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்குப் பெரட்டு விடியற்காலையில். கிளினிக் திறப்பது எட்டு மணிக்கு. தொடக்கத்தில் தினமும் தாதியின் கண்முன்னால்தான் மருந்து குடிக்கவேண்டும். வேலைக்குப் போனால் மருந்து இல்லை, மருந்துக்குப் போனால் சம்பளம் இல்லை. நன்றாக இருந்தவர்கள் நழுவிப்போனதை நான் இந்த இடத்தில்தான் அதிகம் பார்த்தேன். மண்டோரிடம், அதாவது கங்காணியிடம், பேசி ஒரு மணி நேரம் தள்ளி வேலை கொடுக்கச் செய்தால் பாதிக் கதை முடிந்தது. சில வாரம் ஒழுங்காக வந்தால் வீட்டுக்கும் மருந்து தருவார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். கேட்காமல் யாரும் தாமாகச் சொல்வது அபூர்வம்.

என் மகன் சியாபு எடுக்கிறான். அவனுக்கும் மெதடோன் உண்டா?

இல்லை அம்மா. மெதடோன் ஹெரோயின் வகைக்கு மட்டும்தான். சியாபு, அதாவது மெத்தம்பெட்டமின், வேறு வகை; அதற்கு அப்படி மாற்று மருந்து எதுவும் இல்லை. நாட்டின் திட்டம் ஹெரோயின் காலத்தில் கட்டியது. இப்போது பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் சியாபுக்காரர்கள். அறை வேண்டும் என்று நாங்கள் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்: ஊசியும் மருந்தும் கொடுத்து முடியாத இடத்தில் பேச ஓர் ஆள் வேண்டும்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது இருக்கிறது. இரண்டு மூன்று நாள் தூங்காமல் இருந்து இறங்கும்போது அவனிடம் சண்டை போடாதீர்கள், புத்தியும் சொல்லாதீர்கள்; எதுவும் ஏறாது. தண்ணீர் கொடுங்கள், கஞ்சி கொடுங்கள், தூங்கவிடுங்கள். தூங்கி எழுந்த மறுநாள்தான் பேசும் நாள். ஆள் வருகிறார்கள், சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் அது பேயுமில்லை, செய்வினையுமில்லை. அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். மனநல மருத்துவர் பார்க்கவேண்டும். சாமியாடியிடம் கூட்டிப்போய் மூன்று வாரம் வீணாக்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். நெஞ்சு வலி, உடம்பு கொதிப்பு, வலிப்பு என்றால் உடனே 999.

கஞ்சா, கெத்தும் இலை?

மனு அவற்றைப் பற்றியதல்ல.

செரெந்திக்கு அனுப்பினால் திருந்தி வந்துவிடமாட்டானா?

திருந்தி வந்தவர்கள் உண்டு. வெளியே வந்த மாதமே செத்தவர்களும் உண்டு. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் குடும்பத்துக்குச் சொல்வதில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் ஹெரோயின் இல்லாமல் இருந்த உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடும். வெளியே வந்து, பழைய நண்பனைப் பார்த்து, பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காது. ஆகவே லோக்கப்பிலிருந்தோ சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வந்தவனை முதல் சில வாரம் தனியே விடாதீர்கள். வருவதற்கு முன்பே மெதடோனுக்கு ஏற்பாடு செய்யமுடியுமா என்று கேளுங்கள்.

பிடிபடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், தானாக வந்து சிகிச்சை கேட்க வழி இருக்கிறது.

அறைக்கு வருகிறவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாதா?

போதை எடுப்பது இன்றும் குற்றம்தான். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை. கையில் எதுவும் இல்லாவிட்டாலும் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பயம் பொய்யில்லை, அதைப் போக்க எனக்கு அதிகாரமும் இல்லை.

ஆனால் வாசலில் ரோந்து வண்டி நின்றால் ஒருத்தனும் வரமாட்டான் என்பது போலீசுக்கும் தெரியும். அதனால்தான் கழகம், மாவட்டக் காவல் அதிகாரி, சுகாதார அலுவலகம் மூவரையும் அறை திறப்பதற்கு முன்பே ஒரே மேசையில் உட்காரவைக்கச் சொல்கிறோம். நாலு பேர் எழுதிய கடிதத்துக்கு அது நடக்காது. கழகம் கூப்பிட்டால் நடக்கும். விற்கிறவனைப் பிடிப்பதில் எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.

கோயில் மண்டபத்தைக் கொடுத்தால் தீட்டாகாதா?

2010-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெதடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே அல்லாவுக்குத் தீட்டுப் படவில்லை. நம் அம்மன் பெற்ற தாய். அவள் வாசலுக்கு யார் வந்தாலும் முகம் சுளிக்கமாட்டாள். சுளிப்பது செயலவைதான். எங்கள் மனுவில் கேட்டது கழகத்தின் மண்டபம். கோயில் மண்டபம் கிடைத்தால் அன்னதான நாளோடு சேர்த்துச் செய்யலாம். பசியோடு வருகிறவன் உட்கார்ந்து பேசுவான்.

தெருவில் ஊசியைக் கண்டால் என்ன செய்வது?

கையால் தொடாதீர்கள், மூடியைத் திரும்பப் போட முயலாதீர்கள். இடுக்கியால் எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடுங்கள். சலவைத் திரவப் போத்தல் நல்லது. மினரல் வாட்டர் போத்தல் மெல்லியது, குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். போத்தலைக் குப்பையில் போடாமல் கிளினிக்கில் கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: பார்த்தால் அங்கேயே நின்று பெரியவரைக் கூப்பிடு.

குத்திவிட்டால்?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், 28 நாள் சாப்பிடவேண்டும். பயத்தில் உறைந்துபோகவும் வேண்டாம்: மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்திய ஊழியர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் தொற்று வந்திருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அதைவிட எளிதாகத் தொற்றும். 1989 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. கூட்டுகிற அம்மாக்களில் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்கும் அந்தத் தடுப்பூசி போடவேண்டும் என்று மனுவில் பின்குறிப்பாகச் சேர்த்திருக்கிறோம்.

ஒருத்தன் நீலம் பாரித்துக் கிடக்கிறான். என்ன செய்வது?

999. என்ன எடுத்தான் என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தட்டிக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி எடுத்தாலும் தொண்டை அடைக்காது. மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாயில் காற்று ஊதுங்கள். தெரிந்தவர் இருந்தால் நெஞ்சையும் அழுத்தட்டும். உப்புத் தண்ணீர், பால், எலுமிச்சை எதையும் வாயில் ஊற்றாதீர்கள். குழாயடியில் போட்டு நனைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் முன்பு ஊசி போட்டவர். இப்போது விட்டுவிட்டார். நான் எதுவும் பார்க்கவேண்டுமா?

பார்க்கவேண்டும், இரண்டு பேரும். எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊசி போட்டவர்களிடம் ஹெபடைடிஸ் சி மிகப் பரவலாக இருக்கிறது. இருபது வருடம் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். முன்பு அதன் மருந்து நாம் நினைத்தே பார்க்கமுடியாத விலை. 2017-இல் மலேசிய அரசு காப்புரிமையை மீறிச் செல்லும் உரிமையைப் பயன்படுத்தி சோஃபோஸ்புவிர் மருந்தின் மலிவுப் பிரதியை வரவழைத்தது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரை போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறார்கள். எச்.ஐ.வி. என்று வந்தாலும் மருந்து உண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டால் அடுத்தவருக்குத் தொற்றாத அளவுக்கு அடங்கிவிடும்.

கண்ட கண்ட ஊர்க்காரனெல்லாம் நம் தாமானுக்கு வந்துவிட மாட்டானா?

சந்தில் கிடப்பவர்களில் பாதிப் பேரின் அப்பா பேர் எனக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் இல்லை.

கையெழுத்துப் போட்டால் என் பேர் போலீசுக்குப் போகுமா?

போகாது. மனு நகராண்மைக் கழகத்துக்கு. அதில் பேர், முகவரி, கையெழுத்து மூன்றுதான். வீட்டில் யாராவது எடுக்கிறார்களா என்று எந்த இடத்திலும் கேட்கவில்லை. பேர் போட விருப்பமில்லாதவர்கள் விளக்கு இல்லாத சந்தின் படத்தை மட்டும் தந்தாலும் சேர்த்துக்கொள்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்பம் சுடும் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருப்போம். பேனா எங்களிடம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.